கோடை உழவில் உச்சி வேளைக்கு ஓய்வு வேண்டும்

'சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்பது பழமொழி. கோடை மழை ஈரத்தில் உழுதுவிட்டால் களைகள் காயும். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் வெளிவந்து பறவைகளுக்கு இரையாகும். அடுத்த மழைநீர் நிலத்தில் இறங்கும். கடையநல்லூர் வட்டாரத்தில் பிசான அறுவடைக்கும் கார் சாகுபடிக்கும் இடைப்பட்ட காலம் இதற்கு ஏற்றது. ஆனால், இந்தத் தங்கத்துக்கு டிராக்டர் ஓட்டுபவரின் உயிர் விலையாகிவிடக் கூடாது.

ஒரு மழை பெய்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டும். 'ஈரம் போய்விடும், நிறுத்தாதே' என்று வாடகைக்கு அமர்த்தியவர் அவசரப்படுத்துவார். ஓட்டுநரும் விடிந்தது முதல் இருட்டும் வரை இறங்காமல் ஓட்டுவார். மலையடிவாரம்தானே என்று நாம் அலட்சியமாக இருக்கிறோம். சாரல் தொடங்கும் வரை இங்கும் வெயில் வெயில்தான். ஓட்டுநருக்கு மேலே சூரியன், முன்னே என்ஜின் சூடு. உடலில் நீர் வற்றினால் கண் இருட்டும், கவனம் சிதறும். வரப்போரத்திலும் வாய்க்கால் கரையிலும் வண்டி கவிழ அந்த ஒரு நொடி போதும்.

எனவே உழவர் பெருமக்களுக்கு நான் சொல்வது இதுதான்: காலை 5.30 முதல் 10.30 வரையும், மாலை 4 முதல் 6 வரையும் மட்டும் உழவு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரம் கிடைக்கிறது. கொத்துக் கலப்பையில் ஒரு சால் ஓட்ட ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் பேசி முறை வைத்துக்கொண்டால் ஒரு நாளில் ஐந்தாறு ஏக்கர் முடியும். நல்ல மழை பெய்த நிலத்தில் ஒரு நாள் தாமதத்தால் ஈரம் முழுதும் போய்விடாது.

ஓட்டுபவர் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். நீராகாரம், உப்பிட்ட மோர் நல்லது. தலைக்குத் துண்டு கட்டலாம்; ஆனால் தோளில் துண்டைத் தொங்கவிட்டு ரோட்டவேட்டர் அருகே போகக் கூடாது. என்ஜின் கொதித்தால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். ஆவி முகத்தில் அடிக்கும். டயர் காற்றைக் காலையில் வண்டி ஓடுமுன் பாருங்கள். என்ஜினை நிறுத்தி ஆறவிட்ட பிறகே டீசல் ஊற்றுங்கள். மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

ஓட்டுபவருக்குத் தலைசுற்றல், வாந்தி வந்தால் வேலையை அத்துடன் நிறுத்துங்கள். பேச்சுக் குழறினாலும், நினைவு தடுமாறினாலும் அது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிவிட்டபடி 108-ஐ அழையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணமும் உண்டு. ஆனால் நிவாரணம் வாங்கும் நிலை எந்த வீட்டுக்கும் வர வேண்டாம். உச்சி வேளையில் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் கூலி வாங்குபவர் அல்ல, வாடகை கொடுக்கும் நாம்தான்.