கேமரா வந்தது, கற்றுக்கொடுப்பவர் போனார்

மயிலாப்பூரின் பழைய அடுக்ககங்களில் மின்சார பேனலைச் சோதிக்க வருபவர்கள் இப்போது டெஸ்டரோடு சூட்டைப் படமாகக் காட்டும் ஒரு தெர்மல் கேமராவையும் கொண்டுவருகிறார்கள். மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒரே லோடு ஓடும்போது கம்பி முனையிலுள்ள ஒரு லக் மட்டும் திரையில் வெள்ளையாகத் தெரிந்தால், பெரும்பாலும் அங்கே லூஸ் காண்டாக்ட். ஆனால் பளபளக்கும் செம்புப் பட்டை, அதாவது பஸ்பார், கேமராவை ஏமாற்றிவிடும். எதிரே நிற்பவரின் உடல் சூட்டைக்கூடப் பிரதிபலித்துக் காட்டும். விவரம் தெரிந்தவர் லைனை ஆஃப் செய்து, பஸ்பாரில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, மறுபடி லோடு ஏற்றி, டேப்பின் மேல் அளவெடுப்பார். இந்த நுணுக்கத்தை முன்பு கேமராவை விற்றவரே சொல்லிக்கொடுத்தார். இன்று அவர் இல்லை.

ஸ்வீடனின் அகா நிறுவனம் உயர் அழுத்த மின்கம்பிகளைச் சோதிப்பதற்கான கேமராவை 1965இல் விற்கத் தொடங்கியது. நம் மின்வாரியக்காரர்கள் துணை மின்நிலையச் சோதனையை இன்றும் ‘தெர்மோவிஷன்’ என்கிறார்களே, அது அகா தன் கேமராவுக்கு வைத்த பெயர். அந்தக் கருவியைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைக்க வேண்டியிருந்தது. விலையோ மின்வாரியங்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும்தான் கட்டுப்படியானது. அதை ஓட்டவே தனிப் பயிற்சி தேவைப்பட்டது.

பிறகு வரிசையாகக் கைமாற்றம். அகாவின் அகச்சிவப்புப் பிரிவு ‘அகேமா’ ஆனது. 1978இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய ‘ஃப்ளிர்’, 1997இல் அகேமாவையும் 1999இல் இன்ஃப்ராமெட்ரிக்ஸையும் வாங்கியது. ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த மூன்று பெயர்கள் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் போயின. 2021இல் அந்த ஃப்ளிரையே டெலிடைன் சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இந்த நிறுவன இணைப்புகளால்தான் கேமராவின் விலை குறைந்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. குளிரூட்டல் தேவைப்படாத ஹனிவெல்லின் மைக்ரோபோலோமீட்டர் சென்சார்மீது இருந்த ராணுவ ரகசியக் கட்டு 1992இல் தளர்ந்தது. நைட்ரஜனைக் கழற்றிவிட்டுக் கேமராவைக் கையடக்கமாக்கியது அந்தச் சென்சார். கம்பெனிகள் ஒன்றானபின் வாடிக்கையாளருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு 2013இல் வந்த ஃப்ளிர் இ4 நல்ல உதாரணம். உள்ளே இருந்த சென்சார் 320க்கு 240, அதாவது 76,800 புள்ளி. மென்பொருள் பூட்டுப் போட்டு 80க்கு 60, வெறும் 4,800 புள்ளியாக விற்றார்கள். வாங்கியவர்கள் அதே ஆண்டிலேயே பூட்டைத் திறந்துவிட்டார்கள். பல கம்பெனிகள் சரிசமமாகப் போட்டியிடும் சந்தையில் இப்படி ஒரு பூட்டுப் போடத் துணிவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அண்மையில் ஹிக்மைக்ரோ போன்ற சீனப் பெயர்கள் விலையை மேலும் இறக்கியிருக்கின்றன. பூட்டு தளர்கிறது, கற்றுக்கொடுக்கும் ஆள் மட்டும் திரும்பி வரவில்லை.

இந்தக் குறை சென்னைக்குச் சின்ன விஷயம் இல்லை. 2017 மே 31 அதிகாலை தி.நகரில் சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடைக் கட்டடம் தீப்பிடித்தது. புகை மூட்டத்தில் உள்ளே போக முடியாமல் தீயணைப்பு வீரர்கள் பல மணி நேரம் வெளியே நின்று போராடினார்கள். கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, மீதியை இடித்தார்கள். புகைக்குள் சூட்டைப் பார்க்கக்கூடிய கருவி தெர்மல் கேமரா. நாள் முழுக்க ஏசி ஓடும், அலங்கார விளக்கு எரியும் அந்தக் கடைத்தெருவில், தீ வருவதற்கு முன்பே பேனலில் சூடேறும் இணைப்பைக் காட்டக்கூடியதும் இதுதான். 2020இல் கொரோனா காலத்தில் அதே கடைகளின் வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட வெப்பமானிகளும் இதே அகச்சிவப்பைத்தான் அளந்தன. எவ்வளவு தூரத்தில் நீட்ட வேண்டும் என்று நீட்டியவர்களில் பலருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கேமரா வாங்குபவர்கள் புள்ளிக் கணக்கையும் விலையையும் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. கேலிபரேஷன் எந்த ஊரில் நடக்கும், போய்த் திரும்ப எத்தனை வாரம் ஆகும், கம்பெனி கைமாறினால் இந்த மாடலுக்கு உதிரிபாகம் யார் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். திருவான்மியூரில் மத்திய அரசின் மின்னணுச் சோதனை மையம் இருக்கிறது. அடையாறை ஒட்டி ஐஐடி இருக்கிறது. கேமராவைச் சரியாகப் பயன்படுத்தும் பயிற்சியை, பேனல் திறக்கும் எலக்ட்ரீஷியனுக்குத் தமிழில், கட்டுப்படியாகும் கட்டணத்தில் இந்த இரண்டு இடங்களும் சேர்ந்து நடத்த வேண்டும்.