மூன்றாவது கேட்டில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். தேசிய சேவையில் முழுப் பொதியைச் சுமந்து நடந்தவன் நான். போதாததற்கு, இந்தப் பயணத்துக்காக மூன்று மாதம் முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு எங்கள் புளோக்கின் படிக்கட்டில் ஏறி இறங்கியிருந்தேன். மின்தூக்கிக்குக் காத்திருந்த அண்டை வீட்டு ஆண்ட்டி, “லிஃப்ட் கெட்டுப் போச்சா தம்பி?” என்று தினமும் கேட்பார்.

அந்த மிதப்பு கலிஃபோர்னியாவில் ஒரே நாளில் இறங்கியது.

பசிஃபிக் கிரெஸ்ட் டிரெயில் என்பது மெக்சிகோ எல்லையில் காம்போ என்ற சிற்றூருக்கு அருகே தொடங்கி, கனடா எல்லை வரை போகும் நடைபாதை. ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர். 1968ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தேசிய நெடும்பாதையாக அறிவித்தது. முழுவதும் நடப்பவர்களுக்கு ஐந்து மாதம் பிடிக்கும். எனக்குக் கிடைத்ததோ இரண்டு வார விடுப்பு. காம்போவிலிருந்து வார்னர் ஸ்பிரிங்ஸ் வரை சுமார் 176 கிலோமீட்டர் போதும் என்று முடிவு செய்தேன்.

ஆறு நாளில் 124 கிலோமீட்டர் முடிந்தது. அங்கே சிசர்ஸ் கிராசிங் என்ற சாலைச் சந்திப்பு. அதற்கு அப்பால் சான் ஃபிலிப்பே குன்றுகள். அடுத்து நம்பக்கூடிய நீர், 38 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேரல் ஸ்பிரிங்ஸ் ஊற்றில்தான். இடையில் ஓடையும் இல்லை, குழாயும் இல்லை. ஆனால் 22ஆவது கிலோமீட்டரில், நடையர்கள் ‘மூன்றாவது கேட்’ என்று அழைக்கும் இடத்துக்குக் கீழே, தொண்டூழியர்கள் தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதை நம்பி யாரும் நடக்கக் கூடாது என்பதுதான் பாதையில் எல்லாரும் சொல்லும் எச்சரிக்கை. போத்தல்கள் இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம்.

நானும் அந்த எச்சரிக்கையைப் படித்திருந்தேன். எட்டு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. வெயில் கூடினால் அதற்கும் மேல். ஆறு லிட்டர் எடுக்க வேண்டும். ஆனால் ஆறு லிட்டர் என்றால் ஆறு கிலோ. முதல்நாள் ஓய்வெடுத்த ஜூலியன் ஊரில், நாலரை லிட்டர் நிரப்பியதும் பையைத் தூக்கிப் பார்த்தேன். போதும் என்று மூடினேன்.

ஜூலியனிலிருந்து திரும்ப, சாலையோரம் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றதில் விடியற்காலை நடை காலை ஒன்பது மணி நடையாகிவிட்டது. மலையேற்றம் எடுத்த எடுப்பிலேயே வளைந்து வளைந்து மேலே போகிறது. மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பீப்பாய் போல் உருண்டு நிற்கும் கள்ளிகள். ஆள் உயரத்துக்கு மேல் கம்பு கம்பாய் எழுந்து, நுனியில் மட்டும் சிவப்புப் பூ வைத்திருக்கும் ஒகொட்டியோ செடிகள். அழகுதான். ஆனால் ஒரு கைக்குட்டை அளவு நிழல்கூடத் தராது.

பதினொரு மணிக்கு என் கைக்கடிகாரம் 35 பாகை காட்டியது. ‘இவ்வளவுதானே’ என்று நினைத்தேன். ஏனென்றால் எனக்கு வியர்க்கவே இல்லை.

அங்கேதான் தப்பு. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். வியர்வை காயாமல் வழிந்து, சட்டையை நனைத்து, ‘தண்ணீர் குடி’ என்று நமக்கு எச்சரிக்கை தந்துவிடும். வறண்ட காற்றில் வியர்வை தோலுக்கு வந்ததுமே ஆவியாகிவிடுகிறது. சட்டை காய்ந்தே இருக்கும். உடம்பு தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். என் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருந்ததைப் பையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். அத்தனையும் உப்பு.

ஒரு மணிக்கு, பாதி வழியில், தலை விண்விண்ணென்று தெறிக்க ஒரு பாறையடியில் உட்கார்ந்தேன். பையைக் கீழே போட்டு அதன்மேல் சாய்ந்து கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகில் சில்லென்று பட்டதும் துள்ளி எழுந்தேன். தண்ணீர்ப் பையின் உறிஞ்சுகுழாய் வாய் என் பாரத்தில் அழுந்தியிருந்தது. ஒன்றரை லிட்டர் மணலுக்குப் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. சற்று நேரத்தில் தடமே இல்லை.

மிச்சம் ஒரு லிட்டர்.

உடனே நடந்தால் மூன்றாவது கேட்டுக்குப் போய்விடலாம் என்று பையை மாட்டினேன். அப்போதுதான் பின்னால் வந்தார் அந்த அம்மையார். அறுபது வயதைத் தாண்டியவர். கையில் வெள்ளிநிறக் குடை. என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள்?” என்றார். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை.

யோசித்தேன். காலையில் ஜூலியனில்.

“உட்காருங்கள். நாலரை மணிவரை எங்கும் போகக் கூடாது. என்னிடம் கூடுதல் தண்ணீர் இல்லை. ஆனால் நேரம் இருக்கிறது.”

அவரும் உட்கார்ந்தார். பாறையின் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். அரை மணிக்கு ஒரு வாய் குடிக்கச் சொன்னார். பையில் கிடந்த அசாம்போயை எடுத்து நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தவர், உப்பு தெரிந்ததும் தலையாட்டிவிட்டு இன்னொன்று கேட்டார். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, போன உப்பும் திரும்ப வேண்டும் என்றார்.

தண்ணீர் கொட்டிய கதையைச் சொன்னேன். என் தப்பு இல்லை, குழாய் சரியில்லை என்ற தொனியில்தான் சொன்னேன்.

“எத்தனை லிட்டரோடு கிளம்பினீர்கள்?”

“நாலரை.”

“38 கிலோமீட்டருக்கு நாலரையா?” என்று கேட்டுவிட்டுப் பள்ளத்தாக்கைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் உறைத்தது. குழாய் ஒழுகாமல் இருந்தாலும் எனக்குப் பற்றாது. நம்பாதே என்று படித்துவிட்டு, மனத்தின் ஓரத்தில், ‘மேலே யாரோ வைத்திருப்பார்கள்’ என்று கணக்குப் போட்டுத்தான் ஜூலியனில் பையை மூடியிருக்கிறேன்.

நாலரைக்கு எழுந்தோம். வெயில் சாய்ந்ததும் தலைவலி குறைந்தது. மூன்றாவது கேட்டை அடைந்தபோது எட்டு மணி. என் பையில் இரண்டு வாய்த் தண்ணீர் இருந்தது. தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பாதையில் இறங்கினோம். கேலன் போத்தல்கள் வரிசையாக நின்றன. பெரும்பாலானவை காலி. கடைசி வரிசையில் சில நிறைந்திருந்தன. ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முகம் தெரியாத யாரோ இந்த மலையில் தூக்கி வந்திருக்கிறார்கள்.

எனக்குத் தைப்பூசம்தான் நினைவுக்கு வந்தது. அப்பா வருடா வருடம் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார். பத்து வயதில் நானும் கூட நின்றபோது, ஒருவர் மூன்று பெரிய போத்தல்களில் மோர் நிரப்பிக்கொண்டு போனார். எனக்குக் கோபம். அப்பா சொன்னார்: “தாகத்துக்கு யாரும் ரசீது காட்ட வேண்டியதில்லைடா. கொடுக்கிறவன் அதெல்லாம் பார்க்கக் கூடாது.”

கொடுக்கிறவன் பார்க்கக் கூடாது, சரி. எடுக்கிறவன் பார்க்க வேண்டாமா? அன்று அப்பாவிடம் கேட்கத் தோன்றாத கேள்வி.

அரை லிட்டர் குடித்தேன். பேரல் ஸ்பிரிங்ஸுக்கு இன்னும் 16 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் இரண்டு லிட்டர் போதும். இரண்டு லிட்டர் நிரப்பிய பிறகும் கை மூடியைத் திருகவில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இன்னும் ஒரு லிட்டருக்குப் போனது. நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல்தான். பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மூடியைத் திருகினேன். அம்மையார் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. அவரிடம் காலைக்கு வேண்டியது இருந்தது. ஆறரை லிட்டர் சுமந்து வந்திருந்தார்.

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். வெயில் ஏறுமுன் பேரல் ஸ்பிரிங்ஸ் வந்துவிட்டது. ஓக் மரங்களின் நிழலில், சிமெண்டுத் தொட்டியில் ஊற்றுநீர் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. காலிப் போத்தல்களில் பத்தை நசுக்கிப் பையில் கட்டி வந்திருந்தேன். வார்னர் ஸ்பிரிங்ஸ் வரை அவை முதுகில் கடகடவென்று சத்தம் போட்டன. கடனை அடைத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கொண்டு வைத்தவர்களின் சுமையில் கொஞ்சம் குறையட்டும் என்றுதான்.

போன வாரம் அக்கா மகன் நண்பர்களோடு குனோங் லேடாங் போவதாகச் சொன்னான். எவ்வளவு தண்ணீர் எடுக்கிறாய் என்று கேட்டேன்.

“ஒரு போத்தல் போதும் மாமா. வழியில ஆறு இருக்கு, கூட வர்றவங்ககிட்டயும் இருக்கும்.”

“ஆறு அங்கேயே இருக்கட்டும். கூட வர்றவங்க தண்ணி அவங்களுக்கு. உன் பையில எவ்வளவு இருக்கு, அதைச் சொல்லு.”

முறைத்துக்கொண்டே போய் இன்னும் இரண்டு போத்தல் நிரப்பினான்.