வெறிநாய் என்று அடிக்குமுன்

குற்றாலச் சாரலில் என்னோடு நனைந்த எங்கள் மணிக்கு வயது ஒன்பது. திடீரென வலிப்பு, பிறகு இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தான், இரண்டு மாதம். "வெறி பிடிச்சிட்டு, அடிச்சுப் போடுங்க சார்" என்றது தெரு. காரைக்கால் பிரெஞ்சுப் பள்ளியில் லூயி பாஸ்டரின் 1885 தடுப்பூசிப் பாடத்தை ஒப்பித்தவன் நான். ஆனாலும் தலையாட்டினேன்.

வெறிநோய் என்றால் அறிகுறி கண்ட பத்து நாளுக்குள் பெரும்பாலும் நாய் இறந்துவிடும். இரண்டு மாதம் இருக்காது. வயதான நாய்க்குப் புதிதாக வலிப்பு வந்தால் மூளைக்கட்டியாகவும் இருக்கலாம். அந்தக் கட்டி யாருக்கும் தொற்றாது. கிட்டே போகாமல் தனியே அடைத்துவையுங்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறதே!

கம்பு எடுக்க ஒரு நிமிடம் போதும். என் மணிக்கு அந்த ஒரு நிமிடம்தான் கிடைத்தது.