கல் முக்காடு

ஐதராபாத் சாலார் ஜங் காட்சிசாலைக்குப் போய்வந்த நமது சேவூர்த் தோழர்கள் சிலர், அங்குள்ள ரெபேக்காள் என்னும் சலவைக்கல் சிலையைப் பற்றிப் பேசி மாளவில்லை. "முகத்தின்மேல் கிடப்பது கல்லா துணியா என்றே தெரியவில்லை, தெய்வ அருளில்லாமல் மனிதன் கையால் ஆகிற காரியமா?" என்கிறார்கள். இரவு பகலாய்ப் பனியன் துணியோடு உழலுகிறவர்களே மயங்கினார்களென்றால் வேலைப்பாட்டைப் பற்றி நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தெய்வ அருள் என்பதுதான் வேடிக்கை! அதைச் செய்தவர் பென்சோனி என்னும் இத்தாலியச் சிற்பி. ஐதராபாத் திவானாயிருந்த முதலாம் சாலார் ஜங் 1876ல் ரோமாபுரியிலிருந்து அதை வாங்கி வந்தார். கண், மூக்கு, உதடுகளின் கூர்மையை மழுக்கி, அவற்றின்மேல் மெல்லிய மடிப்புகளை எழுப்பிவிட்டால், விழுகிற வெளிச்சம் நம் கண்ணை ஏமாற்றி விடுகிறது. சங்கதி அவ்வளவுதான். இதே உருவம் அமெரிக்காவிலும் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. நம்மூரில் ஆர்டர் பிடித்து ஒரே மாதிரி பனியன் தைப்பதில்லையா? அருளுக்கு ஆர்டர் எடுக்க முடியுமா?

நிற்க. அந்தப் பெண்ணின் முகத்தை ஏன் மூடவேண்டுமென்று போனவர்களில் ஒருவராவது கேட்டாரில்லை. பைபிளில் ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில் கதை இருக்கிறது. ரெபேக்காள் குடமெடுத்துக் கிணற்றுக்கு வருகிறாள். முன்பின் அறியாத வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுத்து, அவனுடைய பத்து ஒட்டகங்களுக்கும் இறைத்து ஊற்றுகிறாள். ஒட்டகம் குடிக்கிற தண்ணீர் கொஞ்சமா? பிறகு, அவனோடு போகச் சம்மதமா என்று வீட்டார் அவளையே கேட்கிறார்கள், போகிறேன் என்கிறாள். (நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் பெண்ணைக் கேட்கிறார்கள்?) இவ்வளவும் திறந்த முகத்தோடுதான். மாப்பிள்ளை ஈசாக்கைத் தூரத்தில் கண்ட பிறகுதான் முக்காடு வருகிறது. சிற்பிக்கோ அந்த முக்காடுதான் வேண்டியிருந்தது!

"எங்களிடம் முக்காடு கிடையாது" என்று நம்மவர்கள் மார் தட்ட வேண்டாம். விடிந்ததும் வேனேறிக் கம்பெனிக்குப் போய், மிஷினில் தைத்து, சம்பளம் கொண்டுவந்து குடும்பத்தைத் தாங்குகிற பெண்ணை, முகூர்த்தத்தன்று மணவறையில் உட்கார வைத்து, "குனிந்த தலை நிமிரக்கூடாது" என்கிறார்களே, அது என்ன? பக்கத்திலிருக்கும் மாப்பிள்ளையோ நாலு பக்கமும் பார்த்துச் சிரித்துக் கொண்டிருப்பான்.

அடுத்த தடவை ஐதராபாத் போகிற தோழர்கள் கல் வேலையை வேண்டுமட்டும் மெச்சட்டும். ஆனால் வீட்டுப் பெண்களையும் கூட்டிப்போய், அந்தச் சிலையைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன தோன்றுகிறதென்று கேட்டுவந்து சொல்லட்டும்.