எந்த மதத்தின் அறம் உயர்ந்தது?

எந்த மதத்தின் அறம் உயர்ந்தது என்ற வாதம் கிளம்பிவிட்டால், வெள்ளகோவில் டீக்கடையில் விடிய விடியப் பேசினாலும் தீராது. பொய் சொல்லாதே, திருடாதே, இல்லாதவனுக்குக் கொடு — எல்லா மதத்திலும் இதேதான் இருக்கிறது! பிறகு எதை வைத்து ஒப்பிடுவது?

நாம் ஒரு வழி சொல்கிறோம். வேலை வாங்குகிறவனுக்கு அந்த அறம் என்ன கட்டளை இடுகிறது என்று பாருங்கள்.

சமணம் ஒரு காலத்தில் கொங்கு நாட்டில் வேரூன்றியிருந்த மதம். விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபர் கோயில் இன்றும் நிற்கிறது. கொல்லாமை என்றதும் ஆடு, கோழிதான் நம் நினைவுக்கு வரும். தத்துவார்த்த சூத்திரம் அதோடு நிற்கவில்லை. அந்த விரதம் பூண்ட இல்லறத்தான் செய்யக்கூடாத குற்றங்கள் ஐந்து என்கிறது: கட்டிப்போடுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், சோறு தண்ணீர் மறுத்தல். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளைக்குப் பல் பார்த்து விலை பேசுகிற விவசாயியைக் கேளுங்கள், நாலாவது குற்றத்தை அவர் விளக்குவார். பாரம் மீறினால் மாடு படுத்துவிடும். ஓர் ஆளுக்கு எத்தனை தறி என்று தீர்மானிக்கிறவர்களுக்குத்தான் இது விளங்குவதில்லை!

புத்தர் சிகாலன் என்ற இளைஞனுக்குச் செய்த உபதேசம் பாலி ஏடுகளில் இருக்கிறது. ஆள் வைத்து வேலை வாங்குகிறவனின் கடமைகள் என்ன? பலத்துக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, நல்ல பண்டம் கிடைத்தால் அதில் பங்கு, தக்க காலத்தில் ஓய்வு. சங்கத்தின் கோரிக்கை நோட்டீஸ் போலவே இருக்கிறதல்லவா? எஜமானுக்கு முன் எழுந்து, அவன் தூங்கிய பின் தூங்கு என்று ஆளுக்கும் அதிலேயே சொல்லியிருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் கொடையைப் பெரிய பண்பென்று எழுதினார். அவரே அடிமையை உயிருள்ள கருவி என்றும் எழுதினார். கொடையை மட்டும் வைத்து அறத்தை அளப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

திருக்குறளில் ஈகைக்கும் ஓர் அதிகாரம் உண்டு, பொறையுடைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. மேடைப் பேச்சாளர்கள் ஈகையை முதலாளிக்கும் பொறுமையை நமக்கும் பங்கு பிரித்துவிடுகிறார்கள்! இரவச்சம் பக்கம் போகவே மாட்டார்கள். பிச்சை எடுத்துத்தான் மனிதன் பிழைக்கவேண்டுமென்றால் என்று வள்ளுவர் அங்கே படைத்தவனையே சபிக்கிறாரே!

கூலி விஷயத்தில் யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் கறாராகப் பேசுகின்றன. கூலிக்காரனின் அன்றாடக் கூலி மறுநாள் காலைவரை உன்னிடம் தங்கக்கூடாது என்பது மோசேயின் சட்டம். யாக்கோபின் நிருபத்தில், அறுவடை ஆட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. உழைத்தவனின் வேர்வை உலருமுன் கூலியைக் கொடு என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. இந்திய சர்க்காரின் சட்டம் 1936இல்தான் வந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலையானால் மாதம் முடிந்து 7ஆம் நாளுக்குள் சம்பளம் என்றது. வேர்வை உலர ஏழு நாள் தவணை!

அந்தத் தவணையாவது நிலைத்ததா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் ஏழை வீட்டுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கினார்கள். மூன்றாண்டு முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். உடம்பு முடியாமல் இடையில் நின்ற பெண்கள் பலர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். பிடித்து வைத்தது அவர்கள் கூலி. அதற்குச் சூட்டிய பெயரோ சுமங்கலித் திட்டம்!

ஒரு ராத்திரிகூடக் கூடாது என்ற மோசேயின் கணக்கில், மூன்றாண்டுக்கு 1,095 ராத்திரி.