தப்பு + தப்பு = சரி?!

இந்த வாரம் ஒரு தோத்த கதை பேசுவோமா? வேற யாரோட கதையும் இல்ல... என்னோட சொந்தக் கதை, சோகக் கதை!

கோயம்புத்தூர் காந்திபுரத்துல, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில, ரெண்டே டேபிளோட ஒரு பூல் பார்லர். செகண்ட் இயர்ல இருந்து என் சாயங்காலம் எல்லாம் அங்கதான். எங்க கேங்குல எனக்கு 'பூல் புலி'ன்னு பேரு. ஆனா, 'எப்படிடா குறி பார்க்கிறே?'ன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பந்தைப் பார்ப்பேன், பாக்கெட்டைப் பார்ப்பேன், குத்துமதிப்பா ஒரு குத்து. இடப்பக்கம் போக வேண்டிய பந்துன்னா பெரும்பாலும் விழுந்துடும். வலப்பக்கம்னா... சாமி விட்ட வழி!

நாலு மாசத்துக்கு முன்னாடி எங்க டிபார்ட்மென்ட் சீனியர் அண்ணா ஒருத்தர் இதைப் பார்த்துட்டு, ஒரு புது மெத்தட் சொல்லிக் கொடுத்தார். வெள்ளைப் பந்து, அடிக்க வேண்டிய பந்தை எவ்வளவு மறைச்சு மோதுதோ, அதைப் பொறுத்துதான் அந்தப் பந்து போற கோணம். முழுசா மறைச்சா நேரா போகும். முக்கால்வாசி மறைச்சா சுமார் 14.5 டிகிரி. பாதின்னா 30. கால்வாசின்னா சுமார் 48.6. அவ்வளவுதான் கணக்கு!

ஏன் அப்படின்னு கேட்கிற இன்ஜினீயரிங் மக்களுக்கு: பூல் பந்தோட விட்டம் 57.15 மில்லிமீட்டர். மோதுற நொடியில ரெண்டு பந்தோட மையத்துக்கும் நடுவுல இடைவெளி சரியா ஒரு விட்டம். பாதி மறைச்சா, பக்கவாட்டு விலகல் அரை விட்டம். அரையை ஒண்ணால வகுத்தா அரை. பத்தாம் கிளாஸ்ல மனப்பாடம் பண்ணின அதே சைன் 30! அதனால பாதிப் பந்துக்குக் குறி வைக்கிறது ரொம்ப ஈஸி. வெள்ளைப் பந்தோட மையம், அந்தப் பந்தோட விளிம்பைப் பார்த்துப் போனாப் போதும். கைனமேடிக்ஸ் பேப்பர்ல நம்மள அழ வைக்கிற கோரியாலிஸ்கூட 1835-ல பில்லியர்ட்ஸ் கணக்கு பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கார், தெரியுமா?

சரி, கணக்கு புரிஞ்சாச்சு, இனி நான்தான் கிங்குன்னு நினைச்சேன். அங்கதான் விழுந்துச்சு அடி!

லேப் அப்சர்வேஷன் நோட்டுல ஒரு டேபிள் போட்டேன். ஒரே பாதிப் பந்து ஷாட், இடப்பக்கம் 10, வலப்பக்கம் 10. பழைய குத்துமதிப்புல இடம் 9, வலம் 2. மொத்தம் 11. புது மெத்தட்ல முதல் வாரம்? இடம் 3, வலம் 2. மொத்தம் 5! ரெண்டாவது வாரம் 6. ஃபர்ஸ்ட் இயர் பையன்கிட்ட தோத்து, டேபிள் காசும் கட்டி, டீயும் வாங்கிக் கொடுத்தேன். "புலி பூனையாயிடுச்சு மாப்ளே!"ன்னு கேங்கே சிரிச்சுது.

மூணாவது வாரம் காலேஜ் டீம் செலக்‌ஷன். பயம் வந்துடுச்சு. 'ஒரே ஒரு நாள்தானே'ன்னு பழைய ஸ்டைலுக்கே போனேன். கொடுமை என்னன்னா, அதுவும் வரல! கண்ணு விளிம்பைத் தேடுது, கை பழைய பாட்டையே பாடுது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். லிஸ்ட்ல என் பேர் இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் ஓரமா உட்கார்ந்திருந்தப்போ, பார்லர் மார்க்கர் அண்ணன் பக்கத்துல வந்து சொன்னார்: "பந்து எங்க போகுதுன்னு பாக்காத கண்ணு. குச்சி எங்க போகுதுன்னு பாரு."

மறுநாள் மொபைலை டேபிளுக்கு எதிர்ல வெச்சு, ஸ்லோமோஷன்ல எடுத்துப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டுச்சு! அடிக்கிற நொடியில என் குச்சி ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் நழுவுது. ரெண்டு வருஷமா இதேதான்!

இப்போ கணக்கைப் பாருங்க. பழைய ஸ்டைல்ல பந்தை நான் தேவையைவிட அதிகமா மறைச்சுக் குறி வெச்சிருக்கேன். அது ஒரு தப்பு. குச்சி வலப்பக்கம் நழுவுது. அது இன்னொரு தப்பு. இடப்பக்க ஷாட்ல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி, பந்து விழுந்துடுச்சு. வலப்பக்க ஷாட்ல ரெண்டும் கூட்டு சேர்ந்து காலை வாரிடுச்சு. புது மெத்தட் என்ன பண்ணுச்சு? ஒரு தப்பை மட்டும் எடுத்துடுச்சு. மிச்சமிருந்த தப்பு தனியா நின்னு பல்லிளிக்குது. ஆக, நான் மோசமாயிடல பாஸ்... என் கோளாறு வெளிச்சத்துக்கு வந்திருக்கு!

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வேற பந்தே வைக்கல. வெள்ளைப் பந்தை மட்டும் நேரா எதிர்ச் சுவருக்கு அடிக்கணும், அது திரும்பி வந்து குச்சி நுனியிலேயே படணும். இதைவிட போரான வேலை உலகத்துல கிடையாது! ஆனா குச்சி நேராச்சு.

அப்புறம் எல்லா கோணத்தையும் கலந்துகட்டி அடிச்சேன். இதுக்கும் காரணம் இருக்கு. 1979-ல ஷே, மார்கன்னு ரெண்டு பேர் கை அசைவுகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழகினவங்க அப்போதைக்கு ஜோரா பண்ணினாங்க. மாத்தி மாத்திப் பழகினவங்க அப்போ சொதப்பினாங்க. ஆனா பத்து நாள் கழிச்சுப் பார்த்தா, மாத்திப் பழகினவங்க கையிலதான் வித்தை தங்கியிருந்துச்சு!

பெரிய ஆளுங்களுக்கும் இதே கதைதான். 1997-ல மாஸ்டர்ஸ் கோல்ஃப்ல 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்ச டைகர் உட்ஸ், அதுக்கப்புறம் தன் ஸ்விங்கையே மாத்தினார். 1998-ல பிஜிஏ டூர்ல அவருக்கு ஒரே ஒரு வெற்றிதான். 2000-ல? மூணு மேஜர் பட்டம்!

அதுக்காக எந்தப் புது மெத்தடையும் கண்ணை மூடிட்டுக் கட்டி அழச் சொல்லல. மெதுவா அடிச்சா பந்துக்குப் பந்து உரசுறதுல கோணம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், டிகிரி கணக்கு மட்டும் உங்களைக் காப்பாத்தாது. நான் கத்துக்கிட்டது மூணு விஷயம். எத்தனை வாரம் கொடுக்கப் போறோம்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. ஒரே ஷாட்டை எண்ணி எழுதி வைங்க. விடுறதுக்கு முன்னாடி, தப்பு மெத்தட்லயா நம்ம கையிலயான்னு ஒரு தடவை வீடியோ எடுத்துப் பாருங்க.

போன வாரம் நோட்டுல எழுதினது: இடம் 7, வலம் 7. மொத்தம் 14. இடப்பக்கம் பழைய 9 இன்னும் வரல. ஆனா சாமி விட்ட வழியா இருந்த அந்த வலப்பக்கம், 2-ல இருந்து 7!

டீமுக்கு அடுத்த செலக்‌ஷன் அடுத்த செமஸ்டர். கிடைக்குமான்னு தெரியாது. ஆனா அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் எனக்கு ஒரு டீ பாக்கி வெச்சிருக்கான்... அதை எண்ணி வாங்கிட்டேன்!