காற்றுக்குப் பருவம் உண்டு, நெருப்புக்கு இல்லை

"புகைமூட்டம் வருடாவருடம் வருவதுதானே, ஒரு நல்ல மழை பெய்தால் போய்விடும். தோட்டத்து ஸ்மோக்ஹவுஸ் புகையையே தாங்கியவர்கள் நாம்!" ஈப்போவில் பெரியவர்கள் பலர் சொல்லும் வாதம் இது. அவர்கள் மீது மதிப்பு உண்டு. வாதத்தை மட்டும் ஏற்க முடியாது.

ரப்பர் ஷீட்டைக் காயவைத்த புகை ஒரு கட்டடத்துக்குள் இருந்தது. இந்தப் புகை தொட்டில் வரைக்கும் வருகிறது. தோட்டத்தில் நம்மவர்கள் பட்ட பாட்டைப் பேரப்பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டுமா?

பருவம் என்பதும் பாதி உண்மைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசி, புகையை இங்கே கொண்டுவரும் தென்மேற்குக் காற்று இயற்கை. இந்தோனேசியாவின் சுமத்ராவில் கால்வாய் வெட்டி நீரை வடித்து, உலர்ந்த கரிச்சதுப்பு நிலத்தில் வைக்கும் தீ மனிதன் செய்வது. அது மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்; ஒரு மழைக்கு அடங்காது. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி, அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம்!

ஆசியான் எல்லைகடந்த புகைமூட்ட ஒப்பந்தம் 2002இல் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை உறுதிசெய்தது 2014இல்தான். "வருவதுதானே" என்ற நம் பொறுமைதான் இத்தகைய தாமதங்களுக்குத் துணைபோகிறது.

நம் கொல்லையில் குப்பை எரிப்பதை நாமே நிறுத்துவோம். அதன்பின் அண்டை நாட்டையும், அங்கே செம்பனை நடும் நிறுவனங்களையும் தயங்காமல் கேட்போம். மூச்சு பழக்கப்படுத்திக்கொள்ளும் விஷயமல்ல; உரிமை.